தப்பாகச் சொல்ல ஒரு பிள்ளை

வகுப்புக்குள் போனதும் ஜெஸ்ஸி டீச்சர் முதலில் கதவைச் சாத்துவார். நான் இந்தப் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்த காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். ஏப்ரல் வெயிலிலும், கரண்ட் போய் மின்விசிறி நின்ற நாட்களிலும் மூன்றாம் வகுப்பின் கதவு சாத்தியே இருக்கும். மற்ற டீச்சர்கள் காற்று வரட்டும் என்று திறந்து வைத்திருப்பார்கள். இவர் மட்டும் சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கரும்பலகைப் பக்கம் திரும்புவார்.

வாந்தி எடுத்த பிள்ளையை அழைத்து வரவோ, பென்சில் மூக்கில் போட்டுக்கொண்ட பிள்ளையைத் தூக்கி வரவோ உள்ளே போகிறபோது காரணம் தெரிந்தது. எங்கள் பள்ளி ஹைதராபாத் மல்லாபூரில் இருக்கிறது. பிள்ளைகளில் பெரும்பாலோர் பக்கத்து ஃபேக்டரிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். தெலுங்கு வீடுகள், இந்தி வீடுகள், நடுவில் சில தமிழ் வீடுகள். பள்ளிக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் என்பது பிரின்சிபால் பூபாலன் சாரின் சட்டம். ஜெஸ்ஸி டீச்சர் ஒரு கணக்கை இங்கிலீஷில் ஒரு தடவை சொல்வார். பிறகு தெலுங்கில் சொல்வார். பிறகு இந்தியில். அதற்கும் விழித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து, எது கைக்கு வருகிறதோ அதில் சொல்வார். கதவு சாத்தியிருந்தால் வராந்தாவில் நடக்கிற சாருக்கு உள்ளே நடப்பதெல்லாம் இங்கிலீஷ்தான்.

ஜெஸ்ஸி டீச்சர் செகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். பி.ஏ. படித்திருக்கிறார், பி.எட். கிடையாது. தகரக் கொட்டகையில் பள்ளி நடந்த நாளில் அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஜெயகரன் பாலாநகரில் ஃபிட்டராக இருந்தவர், முதுகில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார். மகன் நோவா பாலிடெக்னிக்கில் படிக்கிறான். டீச்சர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இதை அவர் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பள்ளியின் பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்ற வார்த்தை ஏறிய பிறகு எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாடு வந்தது. முதலில் ஃபின்லாந்து. திரையில் பனியும் மரங்களும் காட்டினார்கள். வீட்டுப்பாடம் கிடையாது என்றார்கள். ஒரே மாதத்தில் பெற்றோர் கேட்டில் வந்து சத்தம் போட்டு, வீட்டுப்பாடம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அடுத்தது சிங்கப்பூர். பெட்டி பெட்டியாகக் கலர் கட்டைகள் வந்தன. பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று சார் அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டினார். தூசி தட்டுவது என் வேலை. டீச்சர்கள் ஒவ்வொரு பயிற்சிக்கும் உட்கார்ந்து, கடைசியில் கை தட்டி, சமோசா சாப்பிட்டுவிட்டு அவரவர் வகுப்புக்குப் போய் வழக்கம்போல நடத்தினார்கள்.

மூன்றாவதாக ஜப்பான் வந்தது. இது வேறு மாதிரி. மொரிட்டா மேடம் என்று ஒருவர், அங்கே டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில் இருப்பவர், நேரில் வரப்போகிறார் என்றார்கள். அதற்கு முன்னால் மாதங்கி மேடம் வந்து ஹாலில் விளக்கினார். அவர் நம்ம தமிழ்ப் பெண், ஹைதராபாத்தில் அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். நான் டீ கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"ஒரு டீச்சர் பாடம் எடுப்பாங்க. மத்த எல்லாரும் வகுப்புக்குள்ள நின்னு பார்ப்பாங்க. டீச்சரைப் பார்க்க மாட்டாங்க, பிள்ளைங்களைப் பார்ப்பாங்க. யார் எங்க தடுமாறினாங்க, என்ன யோசிச்சாங்கன்னு. அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பேசணும். பிள்ளைங்க சொல்ற தப்பான பதில்தான் அவங்களுக்கு ரொம்ப முக்கியம். கதவைத் திறந்து வைங்க, அவ்வளவுதான்."

கதவு என்றதும் சில டீச்சர்கள் ஜெஸ்ஸி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதங்கி மேடம் போன பிறகு பூபாலன் சார் தன் பங்குக்குப் பேசினார். "மொரிட்டா மேடம் பாஸ் சொன்னவங்களுக்குத்தான் ஜூன்ல க்ளாஸ். பி.எட். இல்லாதவங்களுக்கு இதுதான் கடைசி சான்ஸ். ராஜி மாதிரி பி.எட். முடிச்ச பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க." ராஜி அப்போது உதவிக்கு என்று புதிதாகச் சேர்ந்திருந்த பெண். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பி.எட். இல்லாதவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். பாடம் எடுத்துக் காட்டப் போகிறவரும் அவர்தான்.

ஜெஸ்ஸி டீச்சர் எழுந்து, "சார், அவங்களுக்குத் தப்பான பதில் வேணும்ங்கறாங்க. முன்னாடியே சொல்லிக்கொடுக்காம நடத்தலாமா?" என்று கேட்டார்.

"என்ன டீச்சர், கண்ண மூடிக்கிட்டு ரோட்ட கடக்கச் சொல்றீங்களா? தப்பான பதில் வேணும்னா ஏற்பாடு பண்ணிடலாம். ஒரு பிள்ளைய ரெடி பண்ணுங்க. ஆனா நல்லா படிக்கிற பிள்ளையா பாருங்க. மக்குப் பிள்ளைகிட்ட கொடுத்தா அது கரெக்டா சொல்லித் தொலைச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

அப்படி அபிகாயில் தேர்ந்தெடுக்கப்பட்டாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். பாடம் பின்னக் கணக்கு. ஒரு ரொட்டியை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் கிடைக்கிற துண்டு பெரிதா, நான்கு பேருக்குப் பங்கு போட்டால் கிடைக்கிற துண்டு பெரிதா? டீச்சர் கேட்டதும் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். அபிகாயில் மட்டும் எழுந்து, "நாலில் ஒண்ணுதான் பெரிசு, ஏன்னா மூணைவிட நாலு பெரிசு" என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். டீச்சர் வட்டமாக வெட்டிய மஞ்சள் காகிதத்தைக் கிழித்துக் காட்டுவார். அதன் பிறகு அபிகாயில் திருத்திச் சொல்வாள். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை நடத்திப் பார்த்தார்கள். கிழித்த காகிதத்தைப் பெருக்க நான் போனேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். டீச்சர் முகத்தில்தான் ஒன்றும் இல்லை.

அடுத்த வேலை நாள் சாயங்காலம் அபிகாயிலின் அம்மா பிளெசி கேட்டருகே டீச்சரை நிறுத்தினாள். இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் பிள்ளைகளை வேன்களில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கைக்கு? எதுக்கு என் பொண்ணு? வேற பிள்ள கிடைக்கலயா?"

"அவதான் பிளெசி பயப்படாம பேசுவா."

"பயப்படாம தப்பா பேசறதுக்கா ஃபீஸ் கட்டறேன்? தூக்கத்துல 'ஒன் ஃபோர்த் இஸ் பிக்கர்'ங்கறா. அவங்க அப்பா பயந்து எழுந்து உக்காந்துட்டாரு."

டீச்சர் சிரிக்க முயன்றார்.

"சிரிக்காதீங்க அக்கா. வெளிநாட்டு அம்மா வீடியோ எடுப்பாங்களாம். ஜப்பான் பூரா என் பொண்ணு மக்குன்னு பார்க்கணுமா? நக்கோ, வேணாம். வேற யாரையாவது வைங்க."

டீச்சர் வேன்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "இது சரியா வரலைன்னா ஜூன்ல எனக்கு க்ளாஸ் இல்ல பிளெசி" என்றார்.

பிளெசி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அண்ணன் எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"சரி. ஒரு தடவதான். சொன்ன உடனே கரெக்ட சொல்ல வெச்சிடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

டீச்சர் தலையாட்டினார். காகிதம் கிழித்த பிறகுதான் திருத்த வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிளெசி மறுபடி ஆரம்பித்திருப்பாள் என்று நினைத்திருக்கலாம்.

மொரிட்டா மேடம் வந்த அன்று கதவு ஆடாமல் இருக்கச் செங்கல் வைக்கச் சொன்னார் சார். நான்தான் வைத்தேன். ஜன்னலோரமாக டீச்சர்கள் வரிசையாக நின்றார்கள். ராஜியும் அங்கே இருந்தாள். வராந்தாவில் அழைத்த பெற்றோர் நாலைந்து பேர், அவர்களில் பிளெசியும். பாத்ரூம் போகிற பிள்ளைகளுக்காக நான் பின்னால் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மொழிபெயர்க்க மாதங்கி மேடமும் வந்திருந்தார். மொரிட்டா மேடம் நரைத்த முடியோடு ஒல்லியாக இருந்தார். பெரிய நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் ஸ்டூலை இழுத்து அபிகாயில் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். வேறெந்த இடத்திலும் உட்கார்ந்திருக்கலாம்.

டீச்சர் கேள்வியைக் கேட்டார். நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூடக் கை தூக்கவில்லை. அப்படி ஒரு அமைதியை அந்த வகுப்பில் நான் கேட்டதில்லை. மொரிட்டா மேடம் தலையைத் தூக்கி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்.

அபிகாயில் எழுந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. சார் கதவருகே நின்று மெல்ல மூச்சு விட்டார். டீச்சர் மஞ்சள் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

அப்போது மொரிட்டா மேடம் தன் பென்சிலை அபிகாயிலிடம் நீட்டி, வரைந்து காட்டு என்று கேட்டார். இது வெள்ளிக்கிழமை நடத்திப் பார்த்ததில் இல்லை. அபிகாயில் இரண்டு வட்டம் போட்டாள். ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நான்காகவும் பிரித்தாள். அழகாக, சமமாக. அவளுக்குத் தப்பாக வரையத் தெரியாது. மேடம் இரண்டு துண்டுகளையும் விரலால் தொட்டு, எது பெரிது என்று கேட்டார்.

அபிகாயில் காகிதத்தைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து இந்தியில் கேட்டாள்: "அப்பிச் சஹீ போல்தூன் க்யா மிஸ்? யா பேப்பர் ஃபாட்னே கே பாத்? மம்மி தோ அப்பிச் போலோ போலீ."

சரியான பதிலை இப்பவே சொல்லட்டுமா, காகிதம் கிழித்த பிறகா, அம்மா இப்பவே சொல்லச் சொன்னார்கள் என்று.

மொரிட்டா மேடத்துக்கு இந்தி தெரியாது. அந்த அறையில் மற்ற எல்லாருக்கும் தெரியும். மேடம் மாதங்கி பக்கம் திரும்பினார். கதவருகே சாரின் தலை இம்மியளவு இப்படியும் அப்படியும் அசைந்தது. மாதங்கி அதைப் பார்த்தார். டீச்சரையும் பார்த்தார். பிறகு இங்கிலீஷில், "தண்ணீர் வேணுமாம் மேடம்" என்றார்.

ஆயா வேலை பழகிப்போனதால் என் கை தானாகக் குடத்துக்குப் போய்விட்டது. டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு எழுந்துவிட்டேன்.

"கமலா, உக்காரு" என்றார் ஜெஸ்ஸி டீச்சர்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். டீச்சர் காகிதத்தை மேசைமேல் வைத்தார். அவர் இங்கிலீஷ் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அன்று இன்னும் மெதுவாக வந்தது. அவள் தண்ணீர் கேட்கவில்லை மேடம் என்றார். பதிலை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்கிறாள். இந்தப் பாடத்தை வெள்ளிக்கிழமையே நடத்திவிட்டேன். தப்பாகச் சொல்ல நான்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இவளுக்குச் சரியான பதில் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

'நான்தான்' என்று மட்டும் சொன்னார். கதவுப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அபிகாயில் தோளில் கை வைத்து, "இப்பவே சொல்லும்மா" என்றார். அவள் மூன்றில் ஒன்றுதான் பெரிது என்று வராந்தா முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள். வெளியே பிளெசி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மொரிட்டா மேடம் கோபமாக இருக்கிறாரா என்று முகத்தில் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மாதங்கி கழுத்தெல்லாம் சிவந்து நின்றார். பீரியட் பாதிகூட முடியவில்லை. டீச்சர், இவர்களுக்கு நான் நடத்தாத ஒன்றைக் கேட்கட்டுமா என்று கேட்டார். மேடம் தலையை அசைத்தார்.

டீச்சர் சுவரிலிருந்து ஒரு பெரிய சார்ட் தாளைப் பிய்த்தார். தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டுச் சீட்டை எடுத்தார். சின்னதைப் பாதியாக மடித்தார், பெரியதைக் காலாக மடித்தார். பாதி பெரிதா, கால் பெரிதா என்று கேட்டார்.

"பாதி" என்று பாதி வகுப்பு கத்தியது. உடனே ஒருவன், "காது மிஸ், அதி பெத்ததி கதா" என்று தெலுங்கில், இல்லை அதுதானே பெரிது என்று சார்ட் தாளைக் காட்டினான். எப்போதும் வாயே திறக்காத ஜோசியா, "ஹாஃப் ஹாஃபிச் ஹை மிஸ்" என்றான். பாதி என்றால் பாதிதான், அதை யாரும் மாற்ற முடியாது என்கிற மாதிரி. முன் பெஞ்சு ஜுலைகா திரும்பி, "கைக்கு ரே? தேரா ஆதா தேக், கித்தா சோட்டா ஹை" என்று, உன் பாதி எவ்வளவு சின்னது பார் என அவனை மடக்கினாள். அவன் விடவில்லை. எழுந்து வந்து இரண்டு காகிதத்தையும் வாங்கிக்கொண்டான்.

டீச்சர் இங்கிலீஷை விட்டுவிட்டார். விட்டதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளையிடம் தெலுங்கில், இன்னொன்றிடம் இந்தியில், நடுவில் "அட, இருடா, அவளைச் சொல்ல விடு" என்று தமிழில். செங்கல் வைத்த கதவு வழியாக எல்லாம் வராந்தாவுக்குப் போயிற்று. சார் நகரவில்லை. மணி அடித்தபோது வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. பதில் முடிவாகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார் டீச்சர்.

ஹாலில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் டீ கொடுத்தேன். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியார் முன்னால் ஒரு டீச்சரைப் பற்றி இன்னொரு டீச்சர் சொல்வது "வெரி நைஸ் மிஸ்" மட்டும்தான். ஆனால் மொரிட்டா மேடம் முதலில் பாடம் எடுத்தவரையே பேசச் சொன்னார்.

"அந்தக் கேள்விய எப்படி முடிக்கிறதுன்னு எனக்குத் தெரியல மேடம். ஜோசியா சொல்றதும் தப்புன்னு சொல்ல முடியல" என்றார் டீச்சர். மாதங்கி இந்தத் தடவை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கிலீஷில் சொன்னார்.

மற்றவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று மேடம் கேட்டார். எல்லாரும் டம்ளரைப் பார்த்தார்கள். கடைசியில் ராஜி வாயைத் திறந்தாள். இந்த வகுப்பு ஜெஸ்ஸி டீச்சரிடமிருந்து போனால் அவளுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் நான் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"ஜோசியா ரெண்டு பேப்பரையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தான். அப்புறம் சின்னதை முழுசா விரிச்சான், பெரிசை முழுசா விரிச்சான். மறுபடி மடிச்சான். எதுல பாதின்னு பார்த்த மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் அவன் சண்டை போடல. ஆனா டீச்சர் அப்போ ஜுலைகா பக்கம் இருந்தாங்க. பார்க்கல."

ஜெஸ்ஸி டீச்சர் நிமிர்ந்தார். "விரிச்சானா?"

"ஹவ், ஆமா மிஸ். ரெண்டு தடவ."

மொரிட்டா மேடம் அதை எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் சார் எழுந்து, ரிசல்ட் என்ன, பாஸா ஃபெயிலா என்று மாதங்கியைக் கேட்கச் சொன்னார். மேடத்துக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. இரண்டாவது தடவை விளக்கியதும் ஜெஸ்ஸி டீச்சரைப் பார்த்தார். ஒரு பாடத்தை வைத்து ஆளுக்கு மார்க் போடுவது எங்கள் வழக்கம் இல்லை, இதற்காக யாரையும் எடுக்கவும் மாட்டோம், அனுப்பவும் மாட்டோம் என்றார். அந்தக் கேள்வியை நாளைக்கு இவர் எப்படித் தொடர்கிறார் என்று பார்க்க அனுமதி கிடைக்குமா என்றும் கேட்டார். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் ப்ராக்டீஸ் என்று சார் சொல்லிவிட்டார். அப்படி ஒன்றும் இல்லை.

கார் போன பிறகு ஆபீசில், "பாஸ் ஃபெயில் இல்லாம எதுக்குய்யா இவ்வளவு சமோசா?" என்று அவர் கணக்கரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுகிற கடைசி வாரத்தில்தான் சார் ஜெஸ்ஸி டீச்சரைக் கூப்பிட்டார். நான் ஆபீஸ் அறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

"ஸ்கூல் ட்ரஸ்ட்ல கேக்கறாங்க டீச்சர். உங்களுக்குப் பாஸ்னு யாரும் சொல்லல."

"ஃபெயில்னும் சொல்லல சார்."

"ஹவ். ஆனா பாஸ்னு சொல்லலயே." சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எல்லார் முன்னாடியும் ரிகர்சல்னு போட்டு உடைச்சிட்டீங்க. அந்தப் பிள்ள தண்ணி குடிச்சிருந்தா முடிஞ்சு போயிருக்கும்."

"அவ தண்ணி கேக்கல சார்."

"தெரியும்."

"உங்க பேர நான் சொல்லல."

சார் பேனாவை மேசைமேல் வைத்தார். "அதனாலதான் டீச்சர், ராஜிக்கு உதவியா இருக்கற வேலையாவது இருக்கு" என்றார். "இல்லைன்னா இதுவும் இருக்காது."

டீச்சர் எழுந்து வகுப்புக்குப் போனார். அன்று ரிவிஷன் இருந்தது.

இப்போது மூன்றாம் வகுப்பின் ஆசிரியை ராஜி. ஜெஸ்ஸி டீச்சர் அதே வகுப்பில் உதவி ஆசிரியை. சம்பளம் குறைந்துவிட்டது, அதை ஈடுகட்ட நாச்சாரத்தில் ஒரு வீட்டில் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறார். கணக்குப் பாடத்தை மட்டும் இன்னும் அவர்தான் நடத்துகிறார், ராஜி கேட்டுக்கொண்டதால். சாருக்கு அது தெரியும், அவர் கேட்பதில்லை. டீச்சர் தபால் வழியில் பி.எட். சேர்ந்திருக்கிறார்; முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. முடித்தால் வகுப்பு திரும்பக் கிடைக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.